கிளினிக்கிலிருந்து கோட்டைக்கு: சேலத்து மருத்துவர் தேர்தலில் நிற்பதற்கு ஒரு வழிகாட்டி

சேலத்தில் மருத்துவம் பார்க்கும் ஒருவருக்குச் சட்டமன்றத் தேர்தலில் நிற்கும் எண்ணம் பெரும்பாலும் தானாகத் தோன்றுவதில்லை. பக்கத்தில் இருப்பவர்கள்தான் அதைக் கிளப்பிவிடுகிறார்கள். "டாக்டர் சார், உங்க கைராசிக்கு நீங்க நின்னாலே போதுங்க, ஜெயிச்சிருவீங்க" என்று கீழ்த்தளத்து மருந்துக்கடைக்காரர் சொல்வார். தாயாரின் சர்க்கரைப் புண்ணை ஆற்றிக் கொடுத்த நன்றியில் வட்டச் செயலாளர் ஒருவரும் அதையே சொல்வார். அந்தப் பேச்சை உண்மையாகவே எடுத்துக்கொள்ள முடிவு செய்துவிட்ட மருத்துவர், முதல் நாளிலிருந்து என்னென்ன செய்ய வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன். வேட்பாளர்களுக்குத் தேர்தல் கணக்கும் பிரமாணப் பத்திரமும் தயாரித்துக் கொடுக்கும் தொழிலில் இருப்பதால், மருத்துவர்கள் எந்தெந்த இடத்தில் தடுக்கி விழுகிறார்கள் என்பதை ஓரளவு அறிவேன். மேடைப் பேச்சு வராமல் தோற்ற மருத்துவர்கள் குறைவு. காகித வேலையைக் கம்பவுண்டரிடம் விட்டுவிடலாம் என்று நினைத்து அல்லல்பட்டவர்களே அதிகம்.

முன்னே சென்றவர்கள்

நம் மாநிலத்தில் இந்தப் பாதை புதியதன்று. 1916-இல் நீதிக்கட்சியைத் தோற்றுவித்தவர்களுள் டி.எம். நாயரும் சி. நடேசனாரும் மருத்துவர்கள். 1927-இல் சென்னை மாகாணச் சட்டசபையின் துணைத் தலைவரான முத்துலட்சுமி ரெட்டி, தேவதாசி முறையை ஒழிக்கும் சட்டத்துக்காக அங்கே வாதாடினார். 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கியவரும் அவரே. திருச்சியில் மருத்துவராக இருந்த டி.எஸ்.எஸ். ராஜன், 1937-இல் அமைந்த ராஜாஜி அமைச்சரவையில் சுகாதாரத் துறையை ஏற்றார். சேலத்துக்காரர்கள் அந்த அமைச்சரவையைத் தனியாக நினைவில் வைத்திருக்கக் காரணம் உண்டு. 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராக இருந்த ராஜாஜி, முதல்வரானதும் மதுவிலக்கை 1937 அக்டோபர் 1 அன்று முதன்முதலாகச் சேலம் மாவட்டத்தில்தான் கொண்டுவந்தார். 1939-ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டமும் அந்த ஆட்சிக் காலத்தில் பிறந்ததுதான். நம் நகராட்சிகளும் ஊராட்சிகளும் கொள்ளைநோய்த் தடுப்புக்கும் குடிநீர்ச் சுத்தத்துக்கும் இன்றும் அதைத்தான் கையில் எடுக்கின்றன.

பிற்காலத்து உதாரணங்களில் மருத்துவர் எச்.வி. ஹண்டேயின் வாழ்க்கையைக் கட்டாயம் படிக்க வேண்டும். 1980-இல் அண்ணா நகர்த் தொகுதியில் மு. கருணாநிதியை எதிர்த்து நின்று 699 வாக்குகளில் தோற்றவர், அதன் பிறகு எம்.ஜி.ஆர். அமைச்சரவையில் சுகாதார அமைச்சராகப் பல ஆண்டுகள் இருந்தார். அன்று சட்ட மேலவை இருந்தது. 1986-இல் அது கலைக்கப்பட்டுவிட்டதால், பொதுத் தேர்தலில் தோற்ற நிபுணரை மேலவை வழியாக அழைத்துக்கொள்ளும் வசதி இன்றைய தமிழ்நாட்டில் எந்தக் கட்சிக்கும் இல்லை. மகப்பேறு மருத்துவரான தமிழிசை சௌந்தரராஜன், சட்டமன்றத்துக்கும் மக்களவைக்குமாக ஐந்து முறை நின்று தோற்ற பின்னரே 2019-இல் தெலங்கானா ஆளுநரானார். மத்திய சுகாதார அமைச்சராக 2004 முதல் 2009 வரை இருந்த மருத்துவர் அன்புமணி ராமதாஸ், 2016-இல் நமக்குப் பக்கத்திலுள்ள பென்னாகரத்தில் தம் கட்சியின் முதல்வர் வேட்பாளராகவே நின்று தோற்றார். வென்ற உதாரணமும் அருகிலேயே உண்டு: பழைய சேலம் மாவட்டத்தில் இருந்து இப்போது நாமக்கல்லில் சேர்ந்துவிட்ட இராசிபுரத்தில், மருத்துவர் மா. மதிவேந்தன் 2021-இல் வென்று அமைச்சரானார்.

ஆந்திரத்தின் ஒய்.எஸ். ராஜசேகர ரெட்டி புலிவெந்துலாவில் ஒரு ரூபாய்க்கு வைத்தியம் பார்த்தவர் என்பதை எல்லாரும் சொல்வார்கள். ஆனால் அவருடைய பெயரை நிலைநிறுத்தியது, முதல்வரானபின் 2007-இல் அவர் கொண்டுவந்த ஆரோக்கியஸ்ரீ காப்பீட்டுத் திட்டம். தமிழ்நாட்டில் 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. மருத்துவராகச் சேர்த்த நல்ல பெயர் வாசல் வரை அழைத்துச் செல்லும். அதற்கு மேல், ஒரு நோயாளியிடம் கண்ட குறையை ஊர் முழுவதற்குமான ஏற்பாடாக மாற்றத் தெரிந்தவர்களே நிலைத்தார்கள் என்பது என் கணிப்பு.

தொகுதியைப் பார்ப்பது

சட்டமன்றத்துக்கு நிற்க 25 வயது நிறைந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டின் ஏதேனும் ஒரு தொகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். நிற்கும் தொகுதியிலேயே வாக்கு இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சேலம் மாவட்டத்தின் 11 தொகுதிகளில் கெங்கவல்லியும் ஆத்தூரும் பட்டியல் சாதியினருக்கும், ஏற்காடு பழங்குடியினருக்கும் ஒதுக்கப்பட்டவை. மாநிலத்திலுள்ள 234 தொகுதிகளில் பழங்குடியினருக்கான தனித் தொகுதிகள் ஏற்காடும் சேந்தமங்கலமும் மட்டுமே. ஆகவே சேர்வராயன் மலையில் இருபது ஆண்டுகள் இலவச வைத்தியம் பார்த்த சமவெளி மருத்துவராக இருந்தாலும், பழங்குடிச் சமூகத்தைச் சேராதவர் அங்கே வேட்பாளராக முடியாது. அந்த மலையின் மலையாளி பழங்குடிச் சமூகத்தில் பிறந்து மருத்துவம் படித்தவர் நிற்க எண்ணினால், பழங்குடிச் சாதிச் சான்றிதழ் வருவாய்க் கோட்டாட்சியர் வழங்கியதுதானா என்பதையும், சான்றிதழிலும் பள்ளிச் சான்றிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிட வேண்டும். மனுப் பரிசீலனை நாளில் முதல் ஆட்சேபணை அந்த இடத்தில்தான் எழும்.

மற்ற தொகுதிகளைப் பொறுத்தவரை, மருத்துவர்கள் தங்கள் கிளினிக்கின் கூட்டத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. ஐந்து ரோட்டிலோ அஸ்தம்பட்டியிலோ பலகை மாட்டியிருக்கும் ஒருவரிடம் மாலையில் வந்து டோக்கன் வாங்கி உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் தர்மபுரி, நாமக்கல், கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்தவர்களாக இருப்பார்கள்; மீதிப் பேரும் ஓமலூர், வீரபாண்டி, சேலம் மேற்கு, வடக்கு, தெற்கு என்று சிதறிக் கிடப்பார்கள். ஒரு தொகுதிக்குச் சராசரியாக இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்கள் இருக்கும் மாநிலத்தில், நாளுக்கு 60 பேரைப் பார்க்கும் மருத்துவரைத் தொகுதிக்குள் நேரடியாக அறிந்தவர்கள் சில ஆயிரம் பேர் தேறினாலே பெரிய விஷயம். அவர்களிலும் திரும்பத் திரும்ப வருகிறவர்களே மிகுதி. குகையில் தறிக்காரர் ஒருவர் தம் மூட்டுவலிக்கு உங்களை விட்டால் வேறு ஆளில்லை என்று நம்பலாம். நூல் விலையையும் கூலியையும் பற்றி யார் பேசுகிறார்கள் என்று பார்த்துத்தான் அவர் வாக்குப் போடுவார். அந்த இரண்டு நம்பிக்கையும் வேறு வேறு.

ஆகவே நேரே சட்டமன்றம் என்று குதிக்காமல், சேலம் மாநகராட்சியின் 60 வார்டுகளில் ஒன்றிலோ, ஓர் ஊராட்சி ஒன்றியத்திலோ முதலில் நின்று பார்ப்பது நல்லது என்பேன். உள்ளாட்சிக்கு 21 வயது போதும். ஒரு வார்டில் சாக்கடையும் குடிநீர்க் குழாயும் எங்கே ஒன்றோடொன்று உரசுகின்றன என்பதைத் தேடித் திரிந்தவருக்கு, வயிற்றுப்போக்கு ஏன் குறிப்பிட்ட தெருவில் மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது என்பது எந்தப் பாடப்புத்தகமும் சொல்லாத அளவுக்கு விளங்கிவிடும்.

வேலையை விடுவது

இந்தப் பகுதியைப் பொறுமையாகப் படிக்க வேண்டும். பலர் அவசரப்பட்டுக் கெடுத்துக்கொள்வது இங்கேதான்.

அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரியிலோ, அரசு மருத்துவமனையிலோ, ஆரம்பச் சுகாதார நிலையத்திலோ பணியில் இருப்பவர், அரசு ஊழியர் நடத்தை விதிகளின்படி எந்தக் கட்சிக்கும் வேலை செய்யக் கூடாது. தேர்தலில் நிற்பது பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆதாயம் தரும் அரசுப் பதவியில் இருப்பவர் சட்டமன்ற உறுப்பினராகத் தகுதியற்றவர் என்று அரசியலமைப்பின் 191-ஆம் பிரிவு கூறுகிறது. பணி விலகல் கடிதத்தை எழுதிக் கொடுத்த அன்றே நீங்கள் விடுபட்டுவிட்டதாக எண்ணக் கூடாது. அதை அரசு ஏற்றுக்கொண்ட ஆணை கையில் வந்த பிறகே விடுதலை. துறை விசாரணை ஏதும் நிலுவையில் இருந்தாலும், முதுநிலைப் படிப்பில் சேர்ந்தபோது எழுதிக் கொடுத்த ஒப்பந்தப் பத்திரத்தின் பணிக்காலம் முடியாமல் இருந்தாலும், கோப்பு நகராது. விருப்ப ஓய்வு பெற வயது அல்லது பணிக்காலத் தகுதி உள்ளவர்களும் மூன்று மாத முன்னறிவிப்பு தர வேண்டும். தேர்தல் அறிவிக்கை வெளியானதிலிருந்து மனுத் தாக்கலுக்கு ஏழு நாள்தான் அவகாசம் என்பதை இதோடு சேர்த்துப் பார்த்தால், வேட்பாளர் பட்டியலில் பெயர் வந்தபின் ராஜினாமா செய்யலாம் என்ற திட்டம் எவ்வளவு ஆபத்தானது என்பது புரியும். 2023-இல் இராஜஸ்தானில் அரசு மருத்துவர் ஒருவர் தேர்தலில் நிற்கவும், தோற்றால் பணிக்குத் திரும்பவும் உயர் நீதிமன்றம் அனுமதித்தது உண்டு. அது அந்த வழக்கில் கிடைத்த நிவாரணம். அதை நம்பி இங்கே யாரும் காலை விடக் கூடாது.

முழு நேர அரசுப் பணியில் இல்லாதவர்களுக்கும் சிக்கல் வரலாம். உருக்காலை போன்ற பொதுத்துறை நிறுவனத்துக்குச் சம்பளத்துடன் வருகை மருத்துவராக இருப்பது, இரயில்வே அல்லது தொழிலாளர் காப்பீட்டு மருத்துவமனையில் பகுதி நேர நிபுணராக இருப்பது, ஏதேனும் வாரியத்தில் படித்தொகையுடன் உறுப்பினராக இருப்பது ஆகிய ஒவ்வொன்றையும் ஒரு தாளில் எழுதித் தேர்தல் சட்டம் அறிந்த வழக்கறிஞரிடம் காட்டுங்கள். ஐயமிருந்தால் அந்தப் பணியை விட்டுவிடுவதே நல்லது. மாதம் சில ஆயிரம் ரூபாய்க்காக வெற்றியை வழக்கில் மாட்டிவிட வேண்டியதில்லை. அரசுக்குப் பொருள் வழங்கும் ஒப்பந்தமோ, அரசுப் பணிகளை நிறைவேற்றும் ஒப்பந்தமோ நடப்பில் இருந்தால், மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 9ஏ பிரிவு தகுதியைப் பறிக்கும். உங்கள் பெயரில் உள்ள நிறுவனம் அரசு மருத்துவமனைக்குச் சாதனம் சப்ளை செய்கிறதென்றால் அது இதில் வரும். முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் உங்கள் மருத்துவமனை சேர்ந்திருப்பது அதே வகை ஒப்பந்தமா என்பது வாதத்துக்குரியது. அதற்கும் எழுத்து வடிவில் சட்ட ஆலோசனை பெற்று வைத்துக்கொள்ளுங்கள்.

தனியார் மருத்துவர் தம் தொழிலை விட வேண்டிய கட்டாயம் சட்டத்தில் இல்லை. ஆயினும், பிரசாரக் காலத்தில் கிளினிக்கைப் பாதி திறந்தும் பாதி மூடியும் வைத்திருப்பது நோயாளிக்குச் செய்யும் அநியாயம். டயாலிசிஸ் செய்துகொள்பவர், மாதந்தோறும் காக்காய்வலிப்பு மாத்திரை வாங்குபவர், ஏழாம் மாதக் கர்ப்பிணி ஆகியோரை யாரிடம் ஒப்படைப்பது என்பதை மனுத் தாக்கலுக்கு முன்பே முடிவு செய்து, கேஸ் ஷீட்டின் நகலோடும் கையெழுத்திட்ட பரிந்துரைக் கடிதத்தோடும் அனுப்பி வையுங்கள். ஸ்கேன் மையம் வைத்திருந்தால், கருவின் பாலினம் கண்டறிதல் தடைச் சட்டத்தின் கீழ் பதிவிலுள்ள பெயர்களில் மாற்றம் ஏற்படும்போது அதை உரிய அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும். நீங்கள் ஊர் ஊராகக் கைகூப்பிக்கொண்டிருக்கும்போது, உங்கள் பெயரில் பதிவான இயந்திரத்தை வேறொருவர் இயக்கிக்கொண்டிருப்பதுபோல் ஆகிவிடக் கூடாது. பெண் சிசுக்கொலைக்கு எதிராகத் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் சேலத்தில்தான் தொடங்கப்பட்டது. இந்த ஊரில் ஸ்கேன் பற்றிய புகார் ஒன்று கிளம்பினால் அது சிறிய புகாராக அடங்காது.

மருத்துவ கவுன்சில் பதிவை மட்டும் எக்காரணத்தாலும் காலாவதியாக விடாதீர்கள். ஐந்தாண்டுகளுக்கு 30 மணி நேரத் தொடர் மருத்துவக் கல்வி என்ற விதி உறுப்பினர்களுக்கும் அமைச்சர்களுக்கும் தளர்த்தப்படவில்லை. மேற்கு வங்கத்தில் 1948 முதல் 1962-இல் மறையும் வரை முதல்வராக இருந்த பி.சி. ராய், அந்தப் பதவியிலும் நோயாளிகளைப் பணம் வாங்காமல் பார்த்துவந்தார்.

கட்சியும் சீட்டும்

சுயேச்சையாக நிற்பதற்கு மருத்துவர்களுக்கு ஓர் ஈர்ப்பு இருக்கிறது. கட்சி அழுக்கு ஒட்டாது என்று நினைக்கிறார்கள். அந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளருக்குத் தொகுதி வாக்காளர் ஒருவர் முன்மொழிந்தால் போதும். சுயேச்சைக்குப் பத்துப் பேர் வேண்டும். அது சின்ன வேலைதான். பெரிய வேலை, நூற்றுக்கணக்கான வாக்குச்சாவடிகளில் ஒவ்வொன்றிலும் காலை முதல் மாலை வரை உட்காரும் ஏஜெண்டைத் தேடுவது. வாக்குப்பதிவு முடிந்ததும், பதிவான வாக்குகளின் கணக்கைக் காட்டும் 17சி படிவத்தின் நகலைக் கையெழுத்துடன் வாங்கி வருவதற்கு ஆளில்லாத சாவடியில், வாக்கு எண்ணும் நாளில் உங்களால் எதையும் கேட்க முடியாது. அத்தனை ஆளைக் கட்சிதான் வைத்திருக்கிறது.

கட்சியின் மருத்துவர் அணியில் பொறுப்பு வாங்கினால் சீட்டு கிடைத்துவிடும் என்பதும் மயக்கமே. அணி முகாம் நடத்தும்; விருப்ப மனு கொடுப்பவர்களின் பெயரை மேலே எடுத்துச் செல்பவர் மாவட்டச் செயலாளர். அவரிடம் போவதற்கு முன் ஒன்றியச் செயலாளர்களையும் வட்டச் செயலாளர்களையும் அவரவர் வீட்டில் போய்ப் பாருங்கள். உங்கள் கிளினிக்குக்கு வரச் சொல்லாதீர்கள். அங்கே மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு பேசும் பழக்கம் உங்களுக்கே தெரியாமல் வெளிப்படும். நேர்காணலில் "எவ்வளவு செலவு செய்வீர்கள்?" என்ற கேள்வி வரும், உங்களால் உண்மையில் முடிந்த தொகையைச் சொல்லுங்கள், மருத்துவமனைக் கட்டடத்தை அடமானம் வைக்கும் எண்ணத்தில் பதில் சொல்லாதீர்கள்.

வேட்பு மனுவும் பிரமாணப் பத்திரமும்

பொதுத் தொகுதியில் டெபாசிட் 10,000 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளர்களுக்கு 5,000 ரூபாய். ஒருவர் நான்கு மனுக்கள் வரை தரலாம். நான்கையும் தந்துவிடுங்கள், ஒன்றில் பிழை இருந்தால் மற்றது காப்பாற்றும். கட்சி வேட்பாளர் என்றால், தன் வேட்பாளர் நீங்கள்தான் என்று கட்சி உறுதி சொல்லும் ஏ, பி படிவங்கள் கட்சித் தலைமையின் மை கையெழுத்துடன் கடைசி நாள் மாலை 3 மணிக்குள் சேர வேண்டும்.

பெயரின் முன்னால் 'டாக்டர்' என்று போடலாமா என்பதைப் பலர் கேட்பதுண்டு. போடலாம். அப்படிப் போட்டால் வாக்குப் பதிவு இயந்திரத்தில் 'ட' வரிசைக்குப் போய்விடுவோமோ என்று ஒரு மருத்துவர் இரவெல்லாம் கவலைப்பட்டார். பட்டமும் முன்னெழுத்தும் அகரவரிசையில் கணக்கில் வராது. பெயரின் முதலெழுத்துத்தான் கணக்கு. அந்த வரிசையும் அங்கீகரிக்கப்பட்ட கட்சிகள், பதிவு மட்டும் பெற்ற கட்சிகள், சுயேச்சைகள் என்று மூன்று அடுக்காகவே அமையும்.

26-ஆம் படிவப் பிரமாணப் பத்திரத்துக்கு ஒரு வாரமாவது ஒதுக்குங்கள். மருத்துவரின் சொத்து விவரம் சம்பளக்காரருடையதைப் போல நேராக இருக்காது: மருத்துவமனைக் கட்டடம் மனைவி பெயரில் இருக்கும், நிலம் மாமனார் எழுதிக் கொடுத்ததாக இருக்கும், ஸ்கேன் இயந்திரத்துக்கு வங்கிக் கடன் நிலுவையில் இருக்கும், மூன்று மருத்துவர்கள் கூட்டாக நடத்தும் ஆய்வகத்தில் பங்கு இருக்கும். இவை அனைத்தும் தனித்தனிக் கட்டங்களில் வர வேண்டும். துணைவர், சார்ந்திருப்பவர்கள் ஆகியோரின் வருமான வரி விவரமும் வேண்டும். எந்தக் கட்டத்தையும் வெறுமையாக விடக் கூடாது. பொருந்தாத இடத்தில் 'இல்லை' அல்லது 'பொருந்தாது' என்று எழுதியே ஆக வேண்டும். வெற்றிடம் விட்ட பத்திரத்தை, நினைவூட்டிய பிறகும் நிரப்பாவிட்டால் மனுவை நிராகரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2013 செப்டம்பரில் தீர்ப்பளித்திருக்கிறது.

வழக்குகள் பற்றிய பகுதியில் மருத்துவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். நுகர்வோர் ஆணையத்தில் உள்ள இழப்பீட்டு வழக்கு குற்ற வழக்கு ஆகாது. கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாகக் காவல் நிலையத்தில் பதிவான வழக்கு குற்ற வழக்கு. புகார் பொய்யென்று நீங்கள் உறுதியாக நம்பினாலும், அது நிலுவையில் இருக்கும்வரை எழுதத்தான் வேண்டும். கட்சி வேட்பாளராக இருந்தால் கட்சிக்கும் தெரிவிக்க வேண்டும். யாராக இருந்தாலும் நாளிதழிலும் தொலைக்காட்சியிலும் மூன்று முறை விளம்பரமும் செய்ய வேண்டும். பதிவுபெற்ற மருத்துவர் சிகிச்சையின்போது கவனக்குறைவால் மரணம் விளைவித்தால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு அதிகபட்சமாக 2 ஆண்டு சிறைத் தண்டனை தருகிறது. 2 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை பெற்றவர் தகுதி இழப்பார் என்கிறது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். இரண்டும் எவ்வளவு அருகில் நிற்கின்றன என்று பாருங்கள். அத்தகைய வழக்கு ஒன்று விசாரணையில் இருக்கும்போது தேர்தல் களத்தில் இறங்குவதா என்பதை முதலில் வழக்கறிஞரோடு பேசி முடிவு செய்யுங்கள்.

வாக்குக் கேட்பது

தேர்தல் தேதி அறிவித்த நிமிடத்திலிருந்து நடத்தை விதிகள் அமலாகிவிடும். அதன் பிறகு வேட்பாளர் பெயரில் இலவச மருத்துவ முகாம், மருந்து, கண்ணாடி விநியோகம் எதுவும் கூடாது. வாக்குக்காகக் கொடுக்கப்படும் எந்தப் பயனும் லஞ்சம் என்றே சட்டம் பார்க்கும். உங்கள் கிளினிக்கில் வழக்கம்போல் வைத்தியம் பார்ப்பதைத் தடுக்க முடியாது. ஆனால் வழக்கமாக 200 ரூபாய் வாங்கும் இடத்தில் அந்த மாதம் மட்டும் 'வேண்டாம்' என்று சொன்னால், பறக்கும் படையின் கேமரா உங்கள் வரவேற்பறைக்குள் வருவதற்கு நீங்களே வழிகாட்டியதாக ஆகும்.

நோயாளிகளின் தொலைபேசி எண்கள் கிளினிக் கணினியில் ஆயிரக்கணக்கில் இருக்கும். அந்தப் பட்டியலைப் பிரசாரக் குழுவுக்குக் கொடுக்காதீர்கள். காசநோய்க்கு மருந்து எடுத்தவருக்கும், குழந்தையின்மைக்குச் சிகிச்சை பெற்ற தம்பதிக்கும் "நம்ம டாக்டருக்கு வாக்களியுங்கள்" என்று குறுஞ்செய்தி போனால், யாரிடம் வைத்தியத்துக்குப் போனார்கள் என்பது வீட்டில் உள்ளவர்களுக்கு வெளிச்சமாகிவிடும். தொழில் ஒழுக்க விதி தடுக்கிறது என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. அப்படிச் செய்தவரிடம் மறுபடி யாரும் எதையும் மனம் விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

பேச்சைப் பொறுத்தவரை, மருத்துவர்கள் நோயைப் பற்றி மட்டும் பேசும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்காரர் வரியைப் பற்றியும், அம்மாப்பேட்டையில் நெசவாளர் கூலியைப் பற்றியும், ஆத்தூர்ப் பக்கம் மரவள்ளி விவசாயி ஜவ்வரிசி ஆலைகள் தரும் விலையைப் பற்றியும் கேட்பார்கள். தெரியாத விஷயத்தில் தெரிந்ததுபோல் மருந்து எழுதிக் கொடுக்காமல், குறித்துக்கொண்டு மறுநாள் விவரத்தோடு வருவது மருத்துவருக்கு இயல்பாகவே வர வேண்டிய பழக்கம்.

ஏற்காடு தொகுதியின் வேட்பாளருக்குத் தனியாக ஒரு சொல். அந்தத் தொகுதி மலையோடு முடிவதில்லை. வாழப்பாடி, அயோத்தியாபட்டணம் பக்கமும் இறங்கி வருகிறது, வாக்குகளின் பெரும்பங்கு கீழேதான். அதனால் மலைக்கு ஒரே ஒரு நாள் ஒதுக்கி, ஏரிக்கரை ரவுண்டானாவில் பேசிவிட்டு இறங்கிவிடுகிறார்கள். நாகலூர், மாரமங்கலம், செம்மநத்தம் பக்கத்துச் சிற்றூர்களில் காபி பறிப்புக் காலமான நவம்பர் முதல் ஜனவரி வரை பகலில் போனால் கிழவர்களும் குழந்தைகளும்தான் இருப்பார்கள். ஆட்கள் தோட்டத்திலிருந்து திரும்பும் மாலையில் போக வேண்டும், ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டரை முதலில் பார்க்க வேண்டும். பிரசவ வலி வந்த பெண்ணை ரோட்டுக்குக் கொண்டுவரவே எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை அந்த ஊரின் கடைசி வீட்டிலிருந்து நீங்களே நடந்து பாருங்கள். மேடையில் சொல்வதற்கு அதைவிட நல்ல செய்தி கிடைக்காது. 2013 டிசம்பரில் நடந்த ஏற்காடு இடைத்தேர்தலில்தான் தமிழ்நாட்டில் 'நோட்டா' பொத்தான் முதன்முதலில் வந்தது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

செலவுக் கணக்கு

ஒரு சட்டமன்ற வேட்பாளர் செலவிடக்கூடிய உச்சவரம்பு 2022 முதல் 40 லட்சம் ரூபாய். தேர்தலுக்கென்று தனி வங்கிக் கணக்கு தொடங்கி, எல்லாச் செலவையும் அதன் வழியே செய்ய வேண்டும். கிளினிக்கின் தினசரி வசூலிலிருந்து எடுத்து டீக்கடைக்குக் கொடுப்பது, பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று விடுவது, இரண்டும் வேண்டாம். டீ, நாற்காலி, வாடகைக் கார் என்று ஒவ்வொன்றுக்கும் மாவட்டத் தேர்தல் அலுவலர் விலை நிர்ணயித்திருப்பார். நீங்கள் நண்பரிடம் இலவசமாக வாங்கிய பந்தலும் அந்த விலையில் உங்கள் கணக்கில் ஏறும். அதிகாரிகள் ஒரு நிழல் பதிவேடு எழுதுவார்கள். பிரசாரக் காலத்தில் மூன்று முறையாவது உங்கள் கணக்கை அதோடு ஒப்பிட்டுப் பார்க்க அழைப்பார்கள், போகாமல் இருக்காதீர்கள்.

மருத்துவர்களுக்கே உரிய ஒரு தொல்லையும் உண்டு. 50,000 ரூபாய்க்கு மேல் பணத்தை ஆவணமின்றி எடுத்துச் சென்றால் பறிமுதல் ஆகலாம் என்பதை மறந்து, அன்றைய வசூலைக் கைப்பையில் போட்டுக்கொண்டு கொண்டலாம்பட்டி ரவுண்டானாவைக் கடப்பார்கள். வசூலை அன்றே வங்கியில் கட்டுங்கள். ரசீதுப் புத்தகத்தைக் கையில் வையுங்கள்.

வென்றால்

முதல் ஆறு மாதங்களில் மருத்துவ உறுப்பினர்கள் செய்யும் பொதுவான தவறு, கேமராவோடு அரசு மருத்துவமனைக்குள் நுழைந்து பணியிலிருக்கும் இளம் மருத்துவரைக் கடிந்துகொள்வது. அவருக்கு ஆள் பற்றாக்குறை, மருந்துத் தட்டுப்பாடு, 36 மணி நேரப் பணி என்ற விவரமெல்லாம் உங்களுக்குத் தெரியாதது அல்ல. அங்கே செலவிடும் நேரத்தில், உங்கள் தொகுதியின் ஒவ்வொரு சுகாதார நிலையத்திலும் அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, காலி எத்தனை என்று எழுதி வாங்குங்கள். ஆள் எடுப்பது மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், மருந்து வாங்குவது 1994-இல் அமைந்த மருத்துவப் பணிகள் கழகம், கட்டடம் பொதுப்பணித் துறை. குறை எந்த வாசலில் நிற்கிறது என்று தெரியாமல் எழுப்பும் கேள்விக்குச் சட்டமன்றத்தில் "பரிசீலிக்கப்படும்" என்ற பதில்தான் கிடைக்கும்.

தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். மருத்துவர்களுக்கு உடனே ஒரு கட்டடம் கட்டவோ ஒரு பெரிய இயந்திரம் வாங்கவோ கை துறுதுறுக்கும். அந்த நிதியிலிருந்து சம்பளம் கொடுக்க முடியாது. ஆகவே டெக்னீஷியன் பணியிடத்துக்கு அரசாணை வரும் முன்பே எக்ஸ்ரே இயந்திரத்தை வாங்கினால், அது உறை பிரிக்காமல் அறையில் கிடக்கும். முதலில் பணியிடம், பிறகு சாதனம் என்ற வரிசையை மாற்றாதீர்கள். மானியக் கோரிக்கை விவாதத்தில் கிடைக்கும் சில நிமிடங்களை வாழ்த்துரையில் கரைக்காமல், கணக்குத் தணிக்கைத் தலைவரின் அறிக்கையில் சேலம் பற்றி வரும் பத்தியை எடுத்துப் பேசினால், அமைச்சரின் மேசையில் கோப்பு திறக்கும். காப்பீட்டுத் திட்டத்தின் கட்டண விகிதம் விவாதத்துக்கு வரும் நாளில், உங்கள் மருத்துவமனை அத்திட்டத்தில் இருப்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

தோற்றால்

பதிவான செல்லுபடியாகும் வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் பெற்றிருந்தால் டெபாசிட் திரும்பக் கிடைக்கும். முடிவில் முறைகேடு நடந்ததாக உண்மையான ஆதாரம் இருந்தால், முடிவு வெளியான 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனு தாக்கல் செய்யலாம். கட்சிக்காரர்களைச் சமாதானப்படுத்துவதற்காக மட்டும் அதைச் செய்ய வேண்டாம். கிளினிக்கை அடுத்த வாரமே திறங்கள். பலகையில் 'முன்னாள் வேட்பாளர்' என்று எதுவும் ஏற வேண்டாம். எதிர்க்கட்சிக்கு வேலை செய்தவர் டோக்கனோடு வந்து உட்கார்ந்திருப்பார். அவருடைய இரத்த அழுத்தத்தை எப்போதும்போல் பாருங்கள்.

செலவுக் கணக்கை, வென்றவரும் தோற்றவரும் ஒன்றுபோல, முடிவு அறிவித்த 30 நாளுக்குள் மாவட்டத் தேர்தல் அலுவலரான ஆட்சியரிடம் ஒப்படைக்க வேண்டும். தோற்றவர்கள்தான் இதை மறக்கிறார்கள். தகுந்த காரணமின்றிக் கணக்குத் தராதவரை மூன்று ஆண்டுகளுக்குத் தேர்தலில் நிற்கத் தடை செய்யும் அதிகாரம் தேர்தல் ஆணையத்துக்கு உண்டு. பில்கள், வவுச்சர்கள், வங்கிப் புத்தக நகல், நிழல் பதிவேட்டோடு முரண்பட்ட இடங்களுக்கான விளக்கக் கடிதம் ஆகியவற்றைப் பக்க எண்ணிட்டு, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திட்டு, ஆட்சியர் அலுவலகத் தேர்தல் பிரிவில் நேரில் கொடுத்து, தேதியிட்ட ஒப்புகைச் சீட்டைக் கையோடு வாங்கி வாருங்கள்.